பேசாம நடந்து வாங்க

எங்கள் டாக்டரிடம் போனால் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் முதல் சட்டம். "பேசாம நடந்து வாங்க" என்பார். வாசலுக்கும் அவர் மேஜைக்கும் நடுவே பதினைந்து அடி இருக்கும். பழைய பருத்தி மண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கிளினிக் ஆக்கியிருந்தார். வேறு யாராவது என்றால் தட்டி வைத்து மூன்று அறையாகத் தடுத்திருப்பார்கள். இவர் மண்டியை நீளவாக்கில் அப்படியே விட்டுவிட்டு, கடைசிச் சுவரோரமாக மேஜையைப் போட்டுக்கொண்டார். யாராக இருந்தாலும் அந்தப் பதினைந்து அடியை நடந்துதான் வர வேண்டும். அதற்குள் அவர் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுவார்.

நான் அவரிடம் கம்பவுண்டராக இருந்தவன். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. பிற்பாடு எம்.எல்.ஏ., மந்திரி, கடைசியில் எங்கோ ஒரு மாநிலத்துக்குக் கவர்னர் என்று போனவர். பெயரைச் சொன்னால் கட்சியைச் சொல்ல வேண்டியிருக்கும். கட்சியைச் சொன்னால் சண்டைக்கு நாலு பேர் வருவார்கள். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில், செவ்வாய்க்கிழமை சந்தை கூடுகிற எங்கள் ஊரில் அவருக்கு மலாய் டாக்டர் என்றுதான் பெயர்.

அவருடைய அப்பா எங்கள் ஊர் ராவுத்தர் வீட்டுக்காரர். மலேயாவில் துணிக்கடை வைத்திருந்தார். அங்கேயே ஒரு மலாய்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஜப்பான்காரன் சண்டை முடிந்து, அம்மாவும் இறந்துபோன பிறகு பையனை மட்டும் அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். பையனுக்குப் பத்துப் பன்னிரண்டு வயசு. தமிழ் ஒரு வார்த்தை வராது. அகன்ற முகத்தையும் சின்னக் கண்ணையும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாராம். ஒருநாள் நோன்பு திறந்துவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தபோது அவரே என்னிடம் சொன்னது: "காதுல விழறது எதுவும் புரியாதுங்க தம்பி. அதனால பாக்க ஆரம்பிச்சேன். அடிக்க வர்றானா, வெளையாடக் கூப்புடறானான்னு மூஞ்சியப் பாத்துத்தானே தெரிஞ்சுக்கோணும்?"

தமிழைத் தாமதமாகக் கற்றுக்கொண்டதால் எங்கள் ஊர் 'ங்க'வை எங்கே நிறுத்துவது என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கிளினிக்குக்குள் நுழைகிற ஆட்டைக்கூட "போங்க, அக்கட்டால போங்க" என்றுதான் விரட்டுவார். ஆடு மரியாதைக்குக் கட்டுப்பட்டுப் போகும். சிரிப்பை அடக்கிக்கொண்டு நாங்கள் நிற்போம்.

நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் ஒருநாள் பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாலடி வைத்ததும் இடது கால் செருப்பு கழன்று பின்னால் நின்றுவிட்டது. ஆள் பாட்டுக்கு நடந்து வந்து உட்கார்ந்துவிட்டார்.

"உங்க செருப்பு எங்கீங்க?" என்றார் டாக்டர்.

டிரைவர் குனிந்து காலைப் பார்த்தார். செருப்பு போனது அந்தக் காலுக்கே தெரியவில்லை. டாக்டர் கதவைச் சாத்தச் சொன்னார். சட்டையைக் கழற்ற வைத்து, முதுகில் இருந்த வெளிறிய தேமலைக் குண்டூசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தொழுநோய் என்ற வார்த்தையை ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் எனக்கே கேட்காத குரலில். பல வருஷம் மாத்திரை கொடுத்தோம். லாரி எந்த ஊரில் நிற்கிறதோ அங்கே தபாலில் அனுப்புவேன். விரல் ஒன்றும் குறையாமல் ஆள் பிழைத்துக்கொண்டார். பல்லை அன்றைக்கே பிடுங்கியாயிற்று.

என் மனைவியும் அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டவள்தான். கல்யாணமாகி ஆறு மாசம். என் அக்கா குழந்தைக்குக் காய்ச்சல் என்று இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள். கம்பவுண்டர் பெண்டாட்டி என்ற உரிமையில் வாசலிலேயே "கொழந்தைக்கு ரெண்டு நாளா" என்று ஆரம்பித்தாள். "பேசாம நடந்து வாங்க அம்மிணி" என்றார். நடந்து வந்தாள். மேஜைக்கு முன்னால் ஒரு கணம் நின்று மூச்சை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

"கொழந்தையத் தம்பிகிட்டக் குடுங்க. காய்ச்சல் கொழந்தைக்கு. நோவு உங்களுக்கு" என்றார்.

நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். சின்ன வயசில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்திருக்கிறது. அந்தக் காய்ச்சல் இருதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, விடாமல் போட வேண்டும். பிள்ளை வேண்டாம். ஒருநாள் மெட்ராஸ் போய் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும். ரொம்ப முந்தியும் கூடாது, பிந்தியும் கூடாது.

"எப்பங்க போறது?" என்று கேட்டேன்.

"அத நாஞ் சொல்றேன். அம்மிணி நடக்கறதப் பாத்துட்டு நாஞ் சொல்றேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் ஏற்பாடு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நானே ஊசி போடுவேன். மாசம் ஒருமுறை அவள் அந்தப் பதினைந்து அடியை நடந்து காட்டுவாள். "இன்னும் காலம் இருக்குங்க" என்பார். அவள் திரும்பி நடந்து போவாள். போகிற நடையையும் பார்ப்பார்.

ஊருக்கே இந்தப் பழக்கம் ஏறிப்போயிற்று. டாக்டர் ஊரில் இல்லாத சமயம் வேறு இடத்துக்குப் போகிறவர்கள், போய் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். அந்த டாக்டர் "என்ன செய்யுது?" என்று கேட்டால் கோபம் வரும். என்ன செய்கிறது என்று நாமே சொல்வதானால் இவர் எதற்கு என்பது எங்கள் ஊர் நியாயம். ராசிபுரத்து டாக்டர் ஒருவர் எங்கள் ஊர் ஆள் ஒருவரை ஊமை என்று நினைத்துச் சைகையில் பேசியிருக்கிறார். எங்கள் ஆளும் அதுதான் வைத்தியம் போல என்று பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கட்சிக்காரர்கள் வந்தார்கள். முதல் தடவை அவர்களையும் நடந்து வரச் சொல்லி, "உங்களுக்குச் சக்கரை இருக்குதுங்க, ஓட்ட அப்பறம் பாத்துக்கலாம்" என்று தலைவரைத் திருப்பி அனுப்பினார். இரண்டாம் தடவை யோசித்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் நரம்புச்சிலந்தி இருந்தது. படியிறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணறுகளில் இருந்து வருவது. மனுஷன் காலில் கொப்புளம் கிளம்பி, உள்ளே இருந்து நூல் மாதிரி புழு வரும். அதைக் குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் இழுக்க வேண்டும். அந்த வேலை என்னுடையது.

"இப்பிடியே குச்சியில சுத்திக்கிட்டே இருக்கப் போறமா தம்பி?" என்று கேட்டார். "கெணத்த மூடுனாத் தீந்துது. மூடறதுக்கு மருந்துச் சீட்டுல எழுத முடியாதுங்களே."

நின்றார். ஜெயித்தார். படிக்கிணறுகளை மூட வைத்துத் தொட்டி கட்டிக் குழாயில் தண்ணீர் கொண்டுவந்தார். என்ன கசப்பு இருந்தாலும் அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் அப்புறம் யாரும் புழுவைக் குச்சியில் சுற்றவில்லை.

சட்டசபைக்குப் புறப்பட்ட அன்று என் மனைவியைக் கூப்பிட்டு நடக்கச் சொல்லிப் பார்த்தார். "அஞ்சு வருசம் அம்மிணி. பொறவு இங்கதான் வாரேன். நடுவுல சனி ஞாயிறு வந்து பாத்துக்கறேன். யாராவது பயமுறுத்துனாங்கன்னு நீங்களாப் போயி ஆபரேசனுக்குப் படுத்துக்காதீங்க. நாஞ் சொல்றப்பத்தான்" என்றார். அவள் தலையை ஆட்டினாள். என்னிடம், "போர்டக் கழட்டாதீங்க தம்பி" என்றார். நானும் தலையை ஆட்டினேன். சேலத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் நல்ல வேலை வந்தது. போகவில்லை. அவர் வந்துவிடுவார் அல்லவா?

அவருடைய கண்ணைக் கட்சி கண்டுகொண்டது சந்தைப்பேட்டைக் கூட்டத்தில்தான். மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, "வேப்பமரத்துக்குக் கீழ பச்சத் துண்டு போட்டிருக்கறவரே, கீழ உக்காருங்க. பக்கத்துல இருக்கறவங்க அவரப் புடிச்சுக்குங்க" என்றார். பிடிப்பதற்குள் அந்த மனுஷர் சாய்ந்துவிட்டார். வெயிலில் காலையிலிருந்து சாப்பிடாமல் நின்றவர். டாக்டர் மேடையை விட்டுக் குதித்து ஓடினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அன்றைக்கு அவர் பேசிய பேச்சு யாருக்கும் ஞாபகம் இல்லை. இது மாவட்டம் முழுக்கப் பரவியது.

அடுத்த மாசம் கெங்கவல்லியில் ஒரு கூட்டம். நானும் காரில் போயிருந்தேன். உள்ளூர்க் கட்சிக்காரர்கள் ஒரு ஆளைத் தயார் செய்து மூன்றாவது வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். பேச்சு சூடு பிடிக்கிற இடத்தில் அவன் கண்ணைச் செருகிக்கொண்டு தள்ளாடினான். டாக்டர் பார்த்தார். "வெத்தலையத் துப்பிட்டு நேரா நில்லுங்க. உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார் மைக்கில். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. திரும்பி வரும்போது காரில் எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கட்சிச் செயலாளர் ஆத்தூர் வரும்வரைக்கும் அவரோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே வந்தார்.

மூன்றாவது கூட்டத்திலும் ஒருவன் தள்ளாடினான். பச்சைப் பொய் என்று எனக்கே தெரிந்தது. டாக்டர் அவனையே பார்த்தார். பிறகு கையை நீட்டி, "அவரப் புடிச்சுக்குங்க, தண்ணி குடுங்க" என்றார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. அன்றைக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இப்போதும் சரியாகத் தெரியவில்லை. அவர் பொய் சொன்னதைவிட, பார்த்ததைப் பார்க்காததாக வைத்துக்கொண்டாரே, அதுதான் உறுத்தியது.

நடுவில் ஒருமுறை ஆட்சி கலைந்தது. அவர் ஊருக்கு வந்து மண்டிக் கதவைத் திறந்தார். ஏழெட்டு மாசம் இருந்தார். என் வாழ்க்கையில் நான் அலுக்காமல் வேலை செய்த கடைசி மாசங்கள் அவைதாம். என் மனைவி வாரம் ஒருமுறை நடந்தாள், மாசம் ஒருமுறை என்பதை அவளே மாற்றிக்கொண்டாள். "இன்னும் காலம் இருக்குங்க" என்றார். பிறகு மறுபடியும் தேர்தல், மறுபடியும் வெற்றி. இந்தத் தடவை மந்திரி. கடலைப் படத்தில் மட்டும் பார்த்த எங்கள் ஊருக்கு மீன்வளத் துறை மந்திரி கிடைத்தார். சந்தையில் கருவாடு விற்கிற அம்மாள் ஒரு மாலை போட்டுவிட்டு வந்தார்.

மந்திரியானதும் சனி ஞாயிறு வருவது நின்றது. வந்தாலும் பயணியர் மாளிகையில் தங்குவார். அங்கே நடந்து வருவதற்கு இடமே கிடையாது. வாசலிலிருந்து அவர் நாற்காலி வரை மனுஷர் மேல் மனுஷராக நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். முகத்துக்கு முன்னால் மனு நீளும். அவர் மனுவை வாங்குவார், படிப்பார், ஓரத்தில் எழுதுவார், அடுத்த மனுவை வாங்குவார். மனுவுக்கு மேலே ஒரு தலை இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. நான் பக்கத்தில் நின்று கட்டுக் கட்டாக வாங்கி அடுக்குவேன்.

ஒருநாள் எங்கள் பழைய நோயாளி ஒருவர் கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும் என்று மனுவோடு வந்தார். கழுத்தில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. குரல் கம்மிப் போயிருந்தது. டாக்டர் மனுவில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஐயா, அவரு கழுத்தப் பாருங்க" என்றேன்.

நிமிர்ந்தார். பார்த்தார். அந்தப் பழைய கண் ஒரு நொடி வந்தது. "நாளைக்குக் காலைல வரச் சொல்லுங்க தம்பி, வெளிச்சத்துல பாக்கறேன்" என்றார். மறுநாள் காலை ஐந்து மணிக்கே சென்னைக்குக் கிளம்பிவிட்டார். அந்த மனுஷர் எட்டு மணிக்குக் குளித்துவிட்டு வெள்ளை வேட்டியோடு வந்து மாளிகை வாசலில் உட்கார்ந்திருந்தார். நான்தான் பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவருக்குக் கரண்ட் அடுத்த மாசமே வந்தது. அவர் அதற்கடுத்த மாசம் போனார்.

இதற்குள் என் மனைவிக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பிறகு சமதரையிலேயே. இரவில் இரண்டு தலையணை. சாயங்காலமானால் கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்தது. நான் கம்பவுண்டர்தான், ஆனாலும் இருபது வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவன். காலம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

சேலம் அஸ்தம்பட்டியில் இருதய டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். அறை சின்னது, கதவைத் திறந்தால் நாற்காலி. அவள் உட்கார்ந்தாள்.

"என்னம்மா பண்ணுது?"

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை கேட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தாள், இந்த ஆள் ஏன் நம்மைக் கேட்கிறான் என்பது மாதிரி. வேறு வழியில்லாமல் நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பரிசோதித்துவிட்டு, தள்ளிப்போடாமல் மெட்ராஸ் போங்கள் என்று கடிதமும் எழுதிக் கொடுத்தார். நல்ல டாக்டர். சொன்னது அத்தனையும் சரி.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே அவள் சொன்னாள்: "நீங்க சொன்னீங்க. அதையே அவரு திருப்பிச் சொன்னாரு. அவராப் பாத்து என்னங்க கண்டுபுடிச்சாரு?"

"அவரு பெரிய படிப்புப் படிச்சவரு."

"இருக்கட்டுமுங்க. நம்ம டாக்டரு சொல்லட்டும், மக்யா நாளே பெட்டியக் கட்டறேன். நாஞ் சொல்றப்பத்தான்னு அவரே சொல்லியிருக்காருல்லங்க?"

கோபித்தேன், கெஞ்சினேன், இரண்டு நாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். அசையவில்லை. அவருக்கு ஒரு கடிதம் எழுதலாமே என்று தோன்றியது. மனுக்கட்டுகளை அடுக்கியவன் நான். அந்தக் கட்டில் இன்னொரு தாளாகப் போய்ச் சேருவதை நினைத்துக்கொண்டு எழுதாமல் விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவரை வடகிழக்கே ஒரு மலை மாநிலத்துக்குக் கவர்னராகப் போட்டார்கள். ஊரில் வெடி வெடித்தார்கள். என் மனைவி பேப்பரில் இருந்த படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அங்க மழை பேயுமாமுங்க. அவருக்குச் சளி புடிக்காம இருக்கோணும்" என்றாள்.

மறு வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடத்தைத் திறக்க வந்தார். ஒரு மணி நேர நிகழ்ச்சி என்று போலீஸ்காரர்கள் முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டார்கள். மைதானத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். முக்கியமானவர்கள் என்று ஒரு பட்டியல், அதில் பழைய கம்பவுண்டர் என்று எங்களையும் போட்டிருந்தார்கள். கயிற்றிலிருந்து மேடை வரைக்கும் ஒவ்வொருவராக நடந்து போய் எலுமிச்சம்பழம் கொடுக்க வேண்டும். நாற்பது அடி இருக்கும்.

அவள் முந்தின நாளே எலுமிச்சம்பழத்தைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டாள். காலையில் குங்குமம் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "இன்னைக்கு முடிவாகிப் போயிருமுங்க" என்றாள். மெட்ராஸுக்கு எடுத்துப் போக வேண்டிய பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் துடைத்தும் வைத்தாள்.

அவள் முன்னால் நடந்தாள். நான் இரண்டடி பின்னால். வெயில். பாதியில் ஒருமுறை நின்றாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்து நரம்பு துடிப்பது பின்னால் இருந்த எனக்கே தெரிந்தது. மேடையில் அவர் வெள்ளை ஷெர்வானியில், இரண்டு பக்கமும் தலைப்பாகை கட்டிய ஆட்களோடு, சிரித்தபடி நின்றிருந்தார். இவள் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நேராகத்தான் பார்த்தார். அவள் பழத்தைக் கொடுத்துவிட்டு, பேசாமல், அண்ணாந்து நின்றாள்.

"அம்மிணி, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார்.

அத்தனை வருஷத்தில் அவர் அவளை அப்படிக் கேட்டதே இல்லை.

"இருக்கறனுங்க" என்றாள்.

அவர் பழத்தைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். நான் வணங்கினேன். "தம்பி" என்று தோளைத் தட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் சர்க்கரை ஆலைக்காரர் நடந்து வந்துகொண்டிருந்தார். நாங்கள் ஓரமாக இறங்கிவிட்டோம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். ஆனால் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "பாத்தாருல்லங்க?" என்றாள். "நேராப் பாத்தாரு. ஒண்ணுஞ் சொல்லல. நேரம் வந்திருந்தாச் சொல்லாம இருப்பாருங்களா?"

"அவரு இப்ப டாக்டரா வரல. கவர்னரா வந்திருக்காரு."

"கண்ணு எங்கீங்க போவும்? பதவி வாங்கறப்பக் கண்ணக் கழட்டிக் குடுத்துட்டா வருவாங்க?" என்று சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதற்குப் பிறகு மெட்ராஸ் என்ற பேச்சை எடுத்தாலே, "அவரே பாத்துட்டாருங்க" என்று முடித்துவிடுவாள். எட்டு மாசம். ஐப்பசி மழையில் ஒருநாள் பகலில் மூச்சு திணறி, நுரை தள்ளி, கார் பிடித்துச் சேலத்துக்குக் கொண்டுபோனேன். பாதி வழியில் மல்லூரைக்கூட அவள் உயிர் தாண்டவில்லை.

பதவியிலிருந்து இறங்கி அவர் வந்தது அதற்கு அடுத்த தையில். விஷயம் அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்திருக்கிறது. வாடகை டாக்சியில், தனியாக வந்தார். போலீஸ் இல்லை, கட்சிக்காரர் இல்லை. உள்ளே வந்து அவள் படத்துக்கு முன்னால் தலை குனிந்து நின்றார். அவர் வழக்கப்படி கையேந்தி ஏதோ ஓதினார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன்.

எப்போதிருந்து கால் வீங்கியது, எத்தனை தலையணை, ஊசியை விட்டோமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் மனசுக்குள் கணக்கு ஓடுவது தெரிந்தது. பள்ளிக்கூடம் திறந்த நாள் வரைக்கும் வந்து நின்றார்.

"அப்பவே இருந்துதுங்களா?"

"இருந்துதுங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க தம்பி. பக்கத்துலதான நின்னீங்க? ஏனுங்க சொல்லல?" என்றார்.

நீங்கதானுங்க பேசக் கூடாதுன்னு சொன்னீங்க என்று சொல்லியிருக்கலாம். ஊரே அந்தப் பதிலை ஒத்துக்கொண்டிருக்கும். அவரும் அதைத் தலைமேல் ஏற்றுக்கொண்டு போயிருப்பார். ஆனால் அது உண்மையில்லை. அவர் சட்டத்தை நான் ஏற்கெனவே மீறியவன்தான், கழுத்துக் கட்டிக்காரருக்காக வாயைத் திறந்தவன்தான். என் மனைவிக்காகத் திறக்கவில்லை. கெங்கவல்லிக்கு அடுத்த அந்தக் கூட்டத்திலிருந்து எனக்குள் ஒரு ஆத்திரம் இருந்தது. போர்டைக் கழற்றாமல் காத்திருந்த வருஷங்களின் ஆத்திரம். இந்த மனுஷனுக்கு இன்னும் கண் இருக்கிறதா, இல்லையா என்று அன்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"நீங்க பாக்கறீங்களான்னு பாத்தனுங்க" என்றேன். "அதுக்கோசரம் அவள நடக்க உட்டுட்டனுங்க."

அவர் நிமிரவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே டாக்சிக்காரர் இரண்டு முறை ஹார்ன் அடித்தார். அவர் எழுந்து போனார். போகும்போது எப்படி நடந்தார் என்று நான் பார்க்கவில்லை.